சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை: உங்கள் அனுபவங்கள்

திருவையாற்றிலிருந்து:
ரிலே (சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் தனிச் சுவிட்ச்) இல்லாத பழைய வண்டி. சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பினால் செல்ஃப் மோட்டாரிலிருந்து 'டிக்' என்ற ஒலிகூட வரவில்லை. டேஷ்போர்டு விளக்குகளோ சற்றும் மங்கவில்லை. பேட்டரி இறங்கியிருந்தால் அந்த நேரத்தில் விளக்கு மங்கியிருக்குமே என்று நான் எவ்வளவோ சொல்லியும், ஒர்க்‌ஷாப்காரர் புதுப் பேட்டரியை மாட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டார், பழுது போகவில்லை. பிறகு வந்த எலெக்ட்ரீஷியன் ஸ்டியரிங்கின் கீழ்மூடியைக் கழற்றி, செல்ஃப் மோட்டாரை இயக்கிவிடும் மின்காந்தமான சோலினாய்டுக்குப் போகும் வயரைப் பிரித்துவைத்து, இக்னிஷன் (சாவி) சுவிட்சின் முனையில் அளந்தபோது மீட்டர் 12 வோல்ட் காட்டியது. அதே வயரை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். எண் சடசடவென 4-க்கு இறங்கியது. அந்த இறக்கத்தை இன்னும் மறக்க முடியவில்லை. சுவிட்சின் உள்ளே தொடுமுனை கருகிப்போயிருந்தது. சுவிட்சை மாற்றி, சோலினாய்டின் சுமையைத் தாங்கத் தனி ரிலேயும் வைத்தோம்.

வேதாரண்யத்திலிருந்து:
ரிலே வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதுபோல் மேலே எழுதியிருக்கிறார். என் வண்டியில் செல்ஃப் ஒழுங்காகவே சுற்றியது. திருத்துறைப்பூண்டிச் சாலையில் பள்ளம் ஒன்றில் இறங்கி ஏறிய நொடியில் மீட்டர் பலகை முழுவதும் அணைந்து, எஞ்சின் நின்று, ஸ்டியரிங் இறுகிவிட்டது. எதிரே உப்பு லாரி வந்துகொண்டிருந்தது. சாவியை லேசாக அசைத்தால் உயிர் வரும், கையை எடுத்தால் போய்விடும். மோட்டார் கொட்டகைச் சாவி வரை எல்லாச் சாவிகளும் அந்த ஒரே வளையத்தில் தொங்கின. என் வண்டி அந்த நிறுவனத்துடையது அன்று என்றாலும், ஜெனரல் மோட்டார்ஸ் 2014-இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இத்தகைய குறைக்காகத்தான்: சாவிக்கொத்தின் கனமோ ஒரு குலுக்கலோ சுவிட்சை நிலைமாறச் செய்துவிடும், எஞ்சின் நிற்பதுடன் ஏர்பேகும் விரியாமல் போகும். ஸ்டார்ட் முனையை மட்டும் அளப்பவருக்கு இது அகப்படாது.

மன்னார்குடியிலிருந்து:
இருவரும் சுவிட்சையே குறை சொல்கிறீர்கள். சம்பா அறுவடை முடிந்து வயல் எலிகள் வீட்டுப்பக்கம் வந்த சமயத்தில் எங்கள் வண்டியும் இப்படித்தான் நின்றது. கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும்படி பெடலுக்கு மேல் வைத்திருக்கும் சுவிட்சின் வயரை எலி கடித்திருந்தது.

ஆகவே ரிலே உள்ள வண்டியாக இருந்தால், அதே வகை ஹாரன் ரிலேயைச் செல்ஃப் ரிலேயின் இடத்தில் மாட்டிப் பார்த்துவிடுங்கள். அதிலும் எடுக்கவில்லையென்றால், ஒருவர் கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, ரிலேயைக் கழற்றிவிட்டு, அதன் சாக்கெட்டில் ரிலேயை இயக்கும் மின்சாரம் வரும் 85, 86 முனைகளுக்கிடையே டெஸ்ட் லாம்பை (மின்சாரம் வருகிறதா என்று காட்டும் சோதனை விளக்கு) வையுங்கள். லாம்ப் எரிந்தால் சாவிப் பக்கம் சரி. கோளாறு ரிலேக்கு அப்பால் இருக்கிறது. எரியாவிட்டால் இக்னிஷன் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், எர்த் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போக வேண்டும். இக்னிஷன் சுவிட்சைச் சோதிக்கும்போது, சுமை ஓடும் நிலையிலேயே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி வயர் வரும் முனையிலும் மற்றதை வெளியேறும் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தொடுமுனை சந்தேகத்துக்குரியது. ஸ்டியரிங்கின் கீழே மஞ்சள் கப்ளர் (வயர் இணைப்பான்) தென்பட்டால் அது ஏர்பேகுடையது. அதில் டெஸ்ட் லாம்பை ஒருபோதும் வைக்காதீர்கள்.