கூரை ஷீட் உடைந்து விழுந்த தம்பிக்கு இழப்பீடு கிடைக்குமா?

நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த். என் தம்பி கூரை வேலைக்குப் போகிறவன், மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கிடங்கின் கூரையில் ஒழுகலை அடைக்க ஏறியிருக்கிறான். வெளிச்சத்துக்காக நடுவில் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டின் மேலும் சேர்த்தே வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்ததால் வித்தியாசம் தெரியாமல் கால் வைத்துவிட்டான், படாரென்று உடைந்து நாலு மீட்டர் கீழே சிமெண்ட் தரையில் விழுந்தான். இடுப்பெலும்பு முறிவு, குதிகாலும் நொறுங்கிவிட்டது. விழாமல் பிடிக்கும் பாதுகாப்புப் பெல்ட் வண்டியிலேயே கிடந்ததாம், மேலே மாட்ட இடமில்லை என்று. "தினக்கூலிதானே, எழுத்தில் ஒன்றும் இல்லை, கேட்க முடியாது" என்கிறார் முதலாளி. 2,000 ராண்ட் கொடுத்துவிட்டு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

பழைய யூனியன்காரர்: போடாதீர்கள் அம்மா. 1993-ம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் அந்தத் தாள் செல்லாது. முதலாளி பதிவே செய்யாதவர் என்றாலும் தம்பியின் உரிமை போகாது. அவர் 7 நாளுக்குள் விபத்தைத் தெரிவித்திருக்க வேண்டும், செய்யவில்லை என்றால் நீங்களே தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுங்கள். 12 மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 75 சதவீதம், முதல் 3 மாதம் முதலாளியே கொடுத்துவிட்டுப் பிறகு அரசின் இழப்பீட்டு நிதியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அவர்மேல் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கூரைக்காரன்: இருபது வருஷமாக இந்த வேலை. "போல்ட் வரிசை மேலேயே நட, அடியில் சட்டம் தாங்கும், ஒன்றும் ஆகாது" என்று எங்களுக்கும் சொல்லித்தான் ஏற்றினார்கள், அது தவறு, கால் ஒரு சாண் நழுவினால் போதும். உடையக்கூடிய ஷீட் என்றால் மேலே பலகை போட வேண்டும், ஓட்டைகளை மூட வேண்டும், பெல்ட்டை மாட்ட உறுதியான கொக்கி முதலிலேயே போட வேண்டும். விழுந்து பெல்ட்டில் தொங்குகிறவனை எப்படிச் சீக்கிரம் இறக்குவது என்ற திட்டம்கூட 2014 கட்டுமான விதிகளில் கேட்கப்படுகிறது. மாட்ட இடமில்லை என்றால் அன்றைக்கு ஏறக் கூடாது, அவ்வளவுதான். உடைந்த ஷீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள், மாற்றிவிடுவார்கள்.

கேட்டவர்: ரொம்ப நன்றி அண்ணா, போட்டோ எடுத்துவிட்டோம். திங்கட்கிழமை அலுவலகம் போகிறோம். ஆனால் அதே கூரையில் நாளைக்கு வேறு இரண்டு பையன்கள் ஏறுகிறார்களாம். ஒருவன் எங்கள் தெருதான், இப்போதே அவன் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.