வாத்தியார் காலேஜும் உப்சியும் ஒன்றா?

கேள்வி: மலேசியாவில் பேராக் மாநிலத்தின் தஞ்சோங் மாலிம் டவுனுக்குச் சாமான் வாங்கப் போனால், அந்தப் பழைய கட்டடத்தைக் காட்டித் தாத்தா "வாத்தியார் காலேஜ்" என்பார். மகள் உப்சி பல்கலைக்கழகம் என்கிறாள். ஒன்றுதானா?

பதில்: ஒன்றுதான் அண்ணே. 1922இல் மலாய்ப் பள்ளி ஆசிரியர்களுக்காகத் திறந்த சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி. மலாக்கா, மாத்தாங் கல்லூரிகளை இங்கே இணைத்தார்கள். முதல் முதல்வர் டூசெக் என்ற வெள்ளைக்காரர். பாடத்தோடு கூடை முடையவும் காய்கறி போடவும் பழக்கினார்கள். 1924இல் மொழிபெயர்ப்புப் பிரிவும் வந்தது, மலாய் அறிஞர் ஸாபாவின் பொறுப்பில். அப்புறம் பெயர்கள் மாறி, 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம், அதன் மலாய்ச் சுருக்கம்தான் உப்சி.

கேட்டவர்: சரி தம்பி. கூடை முடைந்த கதையைத் தாத்தாவிடம் சொன்னேன். "அதற்கு எதற்கு காலேஜ், நம் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வந்திருக்கலாமே" என்கிறார் தாத்தா!

இன்னொருவர்: இப்போது அங்கே தமிழ் ஆசிரியருக்கும் பட்டப்படிப்பு உண்டு, தாத்தாவிடம் சொல்லுங்கள்.