பிஎஸ்பி 1000: 333-இல் வைத்தும் எமுலேட்டர் திணறுகிறது, இன்னும் ஏற்ற வழி உண்டா?

இரவுப்பூனை:
அண்ணன் வைத்திருந்த பிஎஸ்பி 1000 (சோனியின் கையடக்க கேம் கருவி) இப்போது என் கையில், பழைய கருவிகளின் கேம்களை எமுலேட்டர் மென்பொருள் வழியாக அதில் ஓட்டுகிறேன். கஸ்டம் ஃபர்ம்வேர் (சோனியுடையது அல்லாத, மாற்றியமைத்த சிஸ்டம் மென்பொருள்) போட்டாயிற்று, முகப்புத் திரையில் செலக்ட் அழுத்தினால் வரும் மெனுவில் கேம் கிளாக்கை 333/166 (சிபியு 333, பஸ் 166 மெகாஹெர்ட்ஸ்) என்று வைத்திருக்கிறேன். அப்படியும் இரண்டு தொல்லை. சூப்பர் நின்டெண்டோ எமுலேட்டரான ஸ்னெஸ்9எக்ஸ் டிஒய்எல்-இல் யோஷிஸ் ஐலண்ட் ஓட்டினால் இசையே இழுத்து இழுத்து வருகிறது. கேம்பாய் அட்வான்ஸ் எமுலேட்டரான ஜிபிஎஸ்பி-யில் கிங்டம் ஹார்ட்ஸ் செயின் ஆஃப் மெமரீஸ் அருமையாக ஓடிக்கொண்டிருக்கும், புது அறைக்குள் நுழைந்ததும் ஒரு கணம் உறைந்து நின்றுவிடும். சூப்பர் நின்டெண்டோவின் சிபியு அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ்தான், கேம்பாய் அட்வான்ஸோ 16.78. வேகம் குறைந்ததுதான் அதிகம் திணறுகிறது என்பது எனக்குப் புரியவே இல்லை. 333-க்கு மேல் தள்ளினால் சரியாகுமா?

ஈயப்பற்று:
முதலில் ஒன்று: 333 என்பது அந்தச் சிப்புக்கே உரிய வேகம். பேட்டரி நீடிக்க வேண்டும் என்பதற்காக சோனி ஆரம்பத்தில் கேம்களை 222-இல் கட்டிவைத்திருந்தது, 2007-இல் 3.50 ஃபர்ம்வேர் வந்த பிறகுதான் கேம்களுக்கும் 333 திறந்தது. எல்லோரும் ஓவர்க்ளாக் என்று சொன்னாலும் நீங்கள் செய்திருப்பது பூட்டைத் திறந்ததுதான். அப்புறம், எமுலேட்டரின் சொந்த மெனுவிலும் கிளாக் அமைப்பு இருக்கிறது, அங்கே குறைவாக இருந்தால் வெளியே 333 வைத்தும் பயனில்லை. அதை ஒருமுறை பாருங்கள்.

உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஜிபிஎஸ்பி கேம்பாய் அட்வான்ஸின் ஏஆர்எம் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருப்பதில்லை, ஒரு துண்டை எடுத்து பிஎஸ்பி-யின் மிப்ஸ் கட்டளைகளாக ஒரே தடவையில் மாற்றிவைத்துக்கொண்டு அடுத்த முறை அதையே நேராக ஓட்டுகிறது, அதனால்தான் அவ்வளவு வேகம். சூப்பர் நின்டெண்டோவில் கதையே வேறு. சிபியு மெதுவானதுதான், ஆனால் படத்துக்கு இரண்டு சிப், ஒலிக்குத் தனியாக ஒரு சிபியு, அதற்கு டிஎஸ்பி என்ற ஒலிச் சிப் ஒன்று என்று ஒரு கூட்டமே இருக்கிறது, எல்லாம் ஒன்றுக்கொன்று தாளம் தப்பாமல் நடக்க வேண்டும். போதாக்குறைக்கு யோஷிஸ் ஐலண்ட் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே சூப்பர் எஃப்எக்ஸ் 2 என்று சுமார் 21 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இன்னொரு செயலி உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் 3.58-ஐ மட்டும் கணக்கில் எடுத்தீர்கள், எமுலேட்டர் அந்த 21-ஐயும் சேர்த்துச் சுமக்கிறது. ஃபிரேம்ஸ்கிப்பை (இடையிடையே படங்களை வரையாமல் தாண்டும் அமைப்பு) 2 வைத்து, ஒலித் தரத்தையும் ஒரு படி இறக்குங்கள். இசை இழுப்பது குறையும், ஆனால் முழு வேகம் எதிர்பார்க்காதீர்கள்.

பழையகார்ட்ரிட்ஜ்:
அந்த உறைதலுக்கும் கிளாக்குக்கும் சம்பந்தமே இல்லை. செயின் ஆஃப் மெமரீஸ் ரோம் கோப்பு (கார்ட்ரிட்ஜின் நகல்) 32 எம்பி. உங்கள் 1000-இல் இருக்கும் மொத்த நினைவகமே 32 எம்பி, அதில் 8 எம்பி சிஸ்டத்துக்குப் போய்விடும். முழு கேமும் உள்ளே அடங்காது, எனவே வேண்டிய பகுதியை அவ்வப்போது மெமரி ஸ்டிக்கிலிருந்து இழுத்துக்கொள்கிறது, நீங்கள் கதவைத் திறக்கும்போது நிற்பது அப்படி அட்டையிலிருந்து படிப்பதற்காகத்தான். 2000, 3000 மாடல்களில் 64 எம்பி. கேம் ஜிப்பில் இருந்தால் வெளியே எடுத்து வையுங்கள், அட்டையை பிஎஸ்பி-யின் செட்டிங்ஸ் வழியாகவே ஃபார்மேட் செய்யுங்கள் (சேவ் கோப்புகளை முதலில் கணினியில் நகல் எடுத்துவிட்டு). மைக்ரோ எஸ்டி அடாப்டர் என்றால் உள்ளே இருக்கும் அட்டை அசல்தானா என்று சோதியுங்கள், போலி அட்டைகள் கழுத்தை அறுக்கும்.

இன்னொன்று, இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அண்ணன் காலத்துப் பேட்டரியா அது? 333-இல் கரண்ட் கூடுதலாக இழுக்கும், கிழட்டுப் பேட்டரி பாதிக் கட்டம் காட்டும்போதே சட்டென்று அணைந்துவிடும், சேவ் எழுதும் நேரத்தில் அணைந்தால் அத்தனை மணி நேர ஆட்டமும் போச்சு. நான் விலை குறைவு என்று ஒரு கடையில் வாங்கிய பேட்டரி ஆறே மாதத்தில் உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. மூடி சரியாகப் பொருந்தவில்லை என்றால் அழுத்தி மூடாமல் உடனே கழற்றிவிடுங்கள். 1000-க்கு வந்த அசல் 1800 எம்ஏஹெச், அதே பருமனுள்ள பேட்டரியில் 3600 என்று அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள்.

இரவுப்பூனை:
ஜிப்பிலிருந்து எடுத்து, அட்டையையும் பிஎஸ்பி-யிலேயே ஃபார்மேட் செய்தேன், கதவு திறக்கும்போது வரும் நிறுத்தம் இப்போது கண்ணுக்குத் தெரிவதே அரிது. ஜிபிஎஸ்பி மெனுவில் கிளாக் ஏற்கெனவே 333-தான். பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன், நடுவில் லேசாக மேடு இருந்தது, எடுத்து வைத்துவிட்டேன், இப்போதைக்குச் சார்ஜர் வயரிலேயே ஆடுகிறேன். சொன்னதற்கு ரொம்ப நன்றி. யோஷி மட்டும் ஃபிரேம்ஸ்கிப் 2-இல் ஓடுகிறது, ஆனால் தாவும் இடத்தைக் கணிக்க முடியவில்லை.

ஈயப்பற்று:
அப்படியானால் அதே ஆட்டத்தின் கேம்பாய் அட்வான்ஸ் பதிப்பை ஓட்டுங்கள், 2002-இல் சூப்பர் மாரியோ அட்வான்ஸ் 3 என்று வந்தது. வெறும் 4 எம்பி, நினைவகத்தில் முழுசாக அடங்கும், சூப்பர் எஃப்எக்ஸ் சுமையும் கிடையாது.