போர் ஆட்டத்துக்கான குட்டிப் பொம்மை வீரர்கள்: பெட்டியில் 28 மி.மீ., நிற்பது இரண்டு உயரம். உங்களுக்கும் இப்படி ஆனதா?

கானாடுகாத்தான்காரன்:
நான் ஆட நினைத்தது காளையார்கோவில் 1801, மருது சகோதரர்களுக்கும் கும்பெனிக்கும் நடந்த சண்டை. கும்பெனிப் படையை ஒருவரிடம் வாங்கினேன், மருது படைக்கு வேறொருவரிடம். இரண்டு பெட்டியிலும் 28 மி.மீ. என்றுதான் போட்டிருந்தது. பெயிண்ட் அடிக்கவே ஒரு வருடம் போனது. பொங்கல் லீவில் வளவில் ஆத்தங்குடிக் கல் மேலேயே அணிவகுத்தேன் (எங்கள் வீட்டில் ஒரு கல் பத்து அங்குலம், டேப் தேவையில்லை). சிப்பாயின் தோளுக்குத்தான் வேல்காரன் இருந்தான். முறுக்குத் தட்டோடு வந்த ஆயா குனிந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, அப்பனும் மகனுமா சண்டை போடுறாக?" என்றார். அப்புறம் எனக்கு ஆட்டத்தில் மனசு போகவில்லை.

தேவகோட்டை டைஸ்:
தோள் என்பது கொஞ்சம் மிகை, காது வரை இருந்திருக்கும். நானும் மாட்டி, ஒரு படையை விற்றவன்தான். தப்பு உங்கள் மேல். 28 மி.மீ. என்பது ஒரு ஸ்கேலே (நிஜ ஆளுக்கு இத்தனையில் ஒரு பங்கு என்ற விகிதம்) கிடையாது. ஒருவர் பாதத்திலிருந்து கண் வரை அளப்பார், இன்னொருவர் உச்சந்தலை வரை. போதாததற்கு 'ஹீரோயிக்' என்று தலையும் கையும் பெருத்த வார்ப்பு வேறு. பொம்மை வீரர்கள் செய்யும் பெர்ரி சகோதரர்களின் உருவங்கள் மெலிந்த, நிஜ மனித வாகு. அவற்றைத் தடித்த வார்ப்புக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. வாங்கும் முன் ஒன்றே ஒன்றை வரவழைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் காளையார்கோவிலுக்கு 28 மி.மீ.யே வேண்டாம். கும்பெனிக்காரன் நாள்கணக்கில் காட்டை வெட்டி வழி போட்ட சண்டை அது. பத்துப் பன்னிரண்டு மரம் வைத்தால் தோப்புதான், காடாகாது. 6 மி.மீ.க்குப் போங்கள். பாக்கஸ் என்ற கம்பெனி அந்த அளவில் மட்டுமே செய்கிறார்கள். ஒரு பேஸில் (காலடித் தட்டில்) இருபது பேரை ஒட்டலாம், படை படையாகத் தெரியும்.

வெள்ளெழுத்து வீரன்:
6 மி.மீ.யா? நாற்பது தாண்டியவன் கண்ணைக் கேளுங்கள். நான் 1/72 (நிஜ ஆளில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) ஆள். மலிவு, பெட்டிக்கு நாற்பது ஐம்பது பேர். ஆனால் மென்பிளாஸ்டிக். சோப்புத் தண்ணீரில் கழுவாமல் அடித்துவிட்டேன். காரைக்குடியில் நண்பர் வீட்டில், சித்திரை மாதம், கரண்ட் வேறு இல்லை. குதிரைப்படையை நகர்த்திவிட்டுக் கையை எடுத்தால் ஒரு குதிரைக்காரனின் சிவப்புக் கோட்டு முழுசாக என் கட்டைவிரலில் ஒட்டியிருந்தது. அவன் வெறும் பிளாஸ்டிக் நிறத்தில் நிற்கிறான். எதிரில் இருந்தவர், "சரணடைஞ்சுட்டான்னு வச்சுக்கலாமா?" என்றார்.

டைஸ் சாருக்கு: கேட்டது அனுபவம். அவர் படையை ஏன் விற்கச் சொல்கிறீர்கள்?

தேவகோட்டை டைஸ்:
விற்கச் சொன்னேனா? திரும்பப் படியுங்கள். சரி, 6 வேண்டாமென்றால் 15 மி.மீ. ஏறக்குறைய 1/100, கண்ணுக்கும் கெடுதல் இல்லை.

கானாடுகாத்தான்காரன்:
யாரும் எதையும் விற்கவில்லை. வேல்காரர்களின் பேஸுக்கு அடியில் 2 மி.மீ. அட்டை ஒட்டி, மண்ணும் புல்லும் தூவி, சிப்பாய்களிடமிருந்து ஒரு கல் தள்ளி நிறுத்தினேன். தூரத்தில் பரவாயில்லை. கைகலப்பு வரும்போதுதான் சிக்கல். போன ஞாயிற்றுக்கிழமை ஆயா மறுபடி வந்து பார்த்தார். "இப்ப அண்ணன் தம்பி மாதிரி இருக்காக."