மாசியில் ஊன்றிய மக்காச்சோளம்

எங்கள் காடு கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கரிசல். இரண்டு வருடம் முன்னால் கிணற்றில் தண்ணீர் கிடந்த தைரியத்தில் மாசி 5-ஆம் தேதி ஓர் ஏக்கர் மக்காச்சோளம் போட்டேன். 8 கிலோ விதை.

முதல் நாள் ராத்திரி ஊறப்போட்டேன். விடிந்து பார்த்தால் தண்ணீர் ரோஜாப்பூ நிறம். விதைமேல் பூசியிருந்த மருந்து கரைந்துவிட்டது. வீட்டுக்காரி கோழியை விரட்ட, நான் குழி தோண்டி அதை ஊற்றினேன். ஊறினது 12 மணி நேரம். நிழலில் சாக்கில் பரப்பி, கையில் ஒட்டாத பதத்தில் ஊன்றினோம்.

நாலாம் நாளே பார் (விதை ஊன்றிய மேடு) நெடுகப் பச்சை ஊசி, சந்தே இல்லை. ஊறாத விதை போட்ட கடைசி நாலு பாரில் எட்டு நாள்வரை ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்தது. பிந்தி முளைத்தது பக்கத்துச் செடியின் நிழலில் நின்று உரத்தைத் தின்னுமே தவிர, உருப்படியாகக் கருது வைக்காது. என் கணக்கில் அதுவும் களைதான்.

இவ்வளவு செய்தும் பங்குனிக் கடைசியில் மாட்டிக்கொண்டேன். பூவெடுக்கிற வாரம் பாலக்காட்டு வெயில் 38, 39. 35 டிகிரி தாண்டினாலே மகரந்தத்துக்கு ஆகாது. காலை ஒன்பது மணிக்குச் செடி உச்சியில் இருக்கிற ஆண் பூவை, அதுதான் கொண்டை, தட்டினால் உள்ளங்கையில் மஞ்சள் தூள் கொட்ட வேண்டும். நாலு பொட்டுதான் விழுந்தது. அறுப்பில் தோலை உரித்தால் கருது பொக்கை வாய். ஊறவைத்ததும் ஊறாததும் ஒரே லட்சணம்.

அடுத்து புரட்டாசியில் போட்டேன். பூ ஐப்பசியில். நுனிவரை மணி. ஆனால் அப்போதும் ஒரு கூத்து: ஊறப்போட்ட ராத்திரி மழை கொட்டி, ரெண்டு நாள் காட்டில் கால் வைக்க முடியவில்லை. பாதி விதை சாக்கிலேயே முளைத்துப் போச்சு.

இதைப் படித்துவிட்டு வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பி எழுதினது: அண்ணா, ஈரச்சாக்கில் விட்டதுதான் தப்புங்க. நிழலில் நல்லா உலர்த்தியிருந்தால் சில நாள் தாங்கியிருக்கும். எனக்கும் ஒரு தடவை மழை வந்தது, திண்ணையில் ஃபேன் போட்டுக் காயவைத்து நாலாம் நாள் ஊன்றினேன். முளைப்பில் குறையில்லை.

திண்ணையா! அன்றைக்கு எங்கள் திண்ணையெல்லாம் உரமூட்டை, தம்பி.