பார்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கும்போது வலப்பக்கம் தாழ்கிறது: தோளை இழுத்து நீட்டுவது சரியா?

கேள்வி:
எனக்கு வயது 33. பள்ளிக் காலம் முதல் கல்லூரி முடியும் வரை வலக்கையால் வேகப்பந்து வீசியும், எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறிந்தும் ஆடியவன். இப்போது 40 கிலோ பார்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கும்போது, ஐந்தாவது முறைக்குப் பிறகு வலப்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்துவிடுகிறது. கையை முதுகுக்குப் பின்னால் மடக்கினால் இடது கட்டைவிரல் தோள்பட்டை எலும்பைத் தொடுகிறது. வலது கட்டைவிரலோ இடுப்புக்குச் சற்று மேலேயே நின்றுவிடுகிறது. வலி இல்லை. பயிற்சியாளர் சொன்னபடி ஆறு வாரமாக வலத் தோளை இழுத்து நீட்டுகிறேன், பலனில்லை. இதைத் தொடரலாமா?

பதில் 1:
முதலில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, விலா எலும்புகள் மேலெழாமல் வலக்கையைத் தலைக்கு மேல் நீங்களே கொண்டுசெல்லுங்கள். பிறகு வேறொருவரை அதே கையை மெதுவாகத் தூக்கிவிடச் சொல்லுங்கள். பிறர் தூக்கும்போது எளிதாகத் தரையைத் தொடும் கை, நீங்கள் தூக்கும்போது தொடவில்லை என்றால், குறை இறுக்கத்தில் இல்லை, தசையின் ஆளுகையில் இருக்கிறது. கை 180 பாகை உயர்வதில் ஏறத்தாழ 60 பாகை தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருவது. அதைச் சுழற்றும் தசைகள் சோர்ந்தால் தண்டு அந்தப் பக்கம் தாழும்.

பதில் 2:
நான் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். பார்பெல் வலப்பக்கம் தாழ்வதும், வலக்கை முதுகுக்குப் பின்னால் மேலே எட்டாததும் இரண்டு வேறு விஷயங்கள்; நீங்கள் அவற்றை ஒன்றாகக் கருதுகிறீர்கள். இரண்டாவதைப் பற்றிச் சொல்கிறேன். குழந்தைப் பருவத்தில் பின்னோக்கித் திருகியிருக்கும் மேற்கை எலும்பு, வளர வளர அத்திருகலை இழக்கும். வளரும் வயதில் ஓயாமல் பந்து எறிபவருக்கு எறியும் கையில் அது முழுதாகக் குறைவதில்லை. ஆகவே அந்தத் தோள் வெளிப்புறம் கூடுதலாகவும் உட்புறம் குறைவாகவும் சுழலும். மல்லாந்து படுத்து, கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையைச் செங்குத்தாக மடக்கி, இருபுறச் சுழற்சியையும் அளந்து கூட்டுங்கள். இரு கைகளிலும் கூட்டுத்தொகை ஒன்றானால், அது பெரும்பாலும் எலும்பின் அமைப்பு. அதை இழுத்து மாற்ற முயல்வது வீண், மூட்டைத் தேவையின்றி எரிச்சலூட்டவும் கூடும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இரவில் வலியோ, கை மரத்துப்போவதோ, திடீர் பலவீனமோ வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேட்டவர்:
மூன்று வாரத்திற்குப் பிறகு எழுதுகிறேன். வலக்கை வெளிப்புறம் 110, உட்புறம் 50 பாகை; இடக்கை 95, 65. இரண்டும் 160 என்பதால் இழுத்து நீட்டுவதை விட்டுவிட்டேன். படுத்துச் செய்த சோதனையில், பிறர் தூக்கியபோது மட்டுமே வலக்கை தரையைத் தொட்டது. எனவே ஒற்றைக்கை டம்பெல்லை வலப்பக்கத்தில் தொடங்கி, வலக்கை முடித்த எண்ணிக்கையையே இடக்கைக்கும் வைத்துக்கொள்கிறேன். சுவரில் முன்கைகளை ஊன்றி மேல்நோக்கி நகர்த்தும் பயிற்சியையும் சேர்த்திருக்கிறேன். நேற்று எட்டாவது முறையிலும் தண்டு சாயவில்லை. ஆனால் எடையை 30 கிலோவாகக் குறைத்திருந்தேன்.

பதில் 2:
சரியான முடிவு. தண்டு சாயாமல் எட்டு முறை தொடர்ந்து தூக்க முடிகிற வரை எடையைக் கூட்டாதீர்கள். கூட்டும்போதும் இரண்டரை கிலோவுக்கு மேல் வேண்டாம்.