மகளிர் டென்னிஸ் இரட்டையரில் 40-40 வந்தால் என்ன விதி?
கேள்வி: 2022 சென்னை ஓப்பன் இறுதியில் டப்ரோவ்ஸ்கி-ஸ்டெஃபானி ஜோடி 6-1, 6-2 என வென்ற ஆட்டத்தை மறுபடி பார்க்கிறேன். இரட்டையரில் அட்வான்டேஜ் (40-40க்குப் பிறகு தொடர்ந்து இரண்டு புள்ளி வென்றால்தான் கேம் என்ற முறை) ஏன் கிடையாது? ஆளுக்கு ஒரு செட் என 1-1 ஆனால் என்ன விதி?

பதில் 1: டபிள்யூடிஏ (மகளிர் டென்னிஸ் சங்கம்) இரட்டையரில் 40-40க்கு அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடியும். ஆட்ட நேரத்தைக் கட்டுக்குள் வைக்கத்தான் இது. எந்தப் பக்கம் சர்வ் வரவேண்டும் என்பதை எதிர்கொள்ளும் ஜோடியே தீர்மானிக்கும். ஆனால் இருவரும் பக்கம் மாறி நிற்கக் கூடாது. அதனால் சர்வ் செய்யும் ஜோடிக்கு 40-30லேயே கேமை முடிப்பது மிக முக்கியம்.

பதில் 2: 1-1 ஆனால் மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டைபிரேக், அதாவது முதலில் 10 புள்ளி எடுக்கும் ஜோடிக்கு வெற்றி; ஆனால் 2 புள்ளி வித்தியாசம் வேண்டும். முதல் சர்வ் ஒன்று, பிறகு ஆளுக்கு இரண்டு. 6 புள்ளிக்கு ஒருமுறை கோர்ட் மாறுவார்கள். பலர் கவனிக்காத விஷயம்: டைபிரேக் தொடங்கும் முன் ஜோடிக்குள் யார் முதலில் சர்வ் செய்வது, யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதை மாற்றிக்கொள்ளலாம். நன்றாக சர்வ் செய்பவரை முதலில் அனுப்புங்கள்.

பதில் 3: விம்பிள்டனில் இது பொருந்தாது. அங்கே அட்வான்டேஜ் உண்டு, மூன்றாவது செட்டும் முழுசாக உண்டு. அதில் 6-6 ஆனால்தான் 10 புள்ளி டைபிரேக்.